திருவிருந்துக்கு எழுந்தவர்கள்

காரை ஓட்டிக்கொண்டிருந்த கிதியோன் கண்ணயர்ந்துவிட்டதால்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய நண்பன் மோசஸ் இறந்துபோனான். போன வருடம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது அது. அதன் பிறகு கிதியோன் கோயிலுக்கு வந்தாலும் கடைசிப் பெஞ்சில்தான் இருப்பான். அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்தை எடுக்க எழுந்ததே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்தக் கைகளை நீட்டி அப்பம் வாங்க அவனுக்குக் கூசியது.

இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லோரும் பீடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மோசஸின் மனைவி ஜெபசீலி அவனருகே வந்து நின்றாள். விபத்துக்குப் பின் அவள் அவனிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

"எழும்புங்கண்ணே."

"எனக்குத் தகுதியில்லம்மா."

"நானும் ஒரு வருஷமா எடுக்கல. உங்கள மன்னிக்காம எப்படி எடுக்க? இப்பவும் முடியலண்ணே. ஆனா இந்தக் கிறிஸ்துமஸையும் இப்படியே விட என்னால ஆகாது. தனியாப் போகவும் பயமா இருக்கு. வாங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். பீடத்தின் முன் இருவரும் முழங்காலிட்டார்கள். நடுவே ஓர் ஆள் அளவுக்கு இடம் கிடந்தது. ஆராதனை நடத்திய போதகர் ஐயர் அப்பத் தட்டோடு வந்து குனிந்தார்.

"கொஞ்சம் நெருங்கி இருங்க. பின்னால ஆளு நிக்காங்க."

கிதியோனால் அசைய முடியவில்லை. ஜெபசீலிதான் நகர்ந்தாள்.