உள்ளே ஆள் இருக்கிறார்

ஒப்பணக்கார வீதியில் ஆளில்லாமல் நிற்கும் காரை இயந்திரக் கை தூக்கிப் போய்விடும். உள்ளே ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் மட்டும் தொடாது. அதனால், வீட்டில் பெரியவர்கள் இருப்பது எவ்வளவு நல்லது என்று கோயம்புத்தூரே இப்போது பேசுகிறது.

வீட்டாரோடு கல்யாணப் பட்டு எடுக்க வந்த புவனா, மாமனார் நாச்சிமுத்துவை முன் சீட்டில் உட்காரவைத்தாள்.

"ஏசி ஓடுதுங்க மாமா. நாங்க வர்ற வரைக்கும் இறங்கிராதீங்க."

"போயிட்டு வா கண்ணு. நான் எங்க போயிரப் போறேன்?"

கடைக்காரர் நான்காவது சேலையை விரித்தபோது, கண்ணாடிக்கு வெளியே அவர்கள் கார் அந்தரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் மாமனாரின் வெள்ளைத் தலை தெரிந்தது.

புவனா பதறி ஓடினாள். "நிறுத்துங்க! உள்ள எங்க மாமா இருக்காருங்க!"

இயந்திரம் நின்று, மறுபடியும் சோதித்துப் பார்த்தது.

"உள்ளே யாரும் இல்லை" என்றது.