மாமனார் எடுத்த போட்டோ

வெளிநாட்டில் இருக்கும் அப்பாவைப் பார்க்க மகன் குடும்பத்தோடு வந்து பத்து நாளாகிறது. பெரியவரோ பேரப்பிள்ளைகளைச் சோபாவில் உட்காரக்கூட விடவில்லை.

“வந்த அன்னிக்கே ரூம் ரூமா போட்டோ எடுத்தீங்களே மாமா, வீட்டு மேல அவ்வளவு ஆசையா?” என்றாள் மருமகள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“சும்மாதாம்மா” என்று மழுப்பினார்.

கிளம்பும் நாளன்று மகன் டாக்ஸியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க, பெரியவர் உள்ளே போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் சோபாத் தலையணைகளைப் பழையபடி அடுக்கினார். நாளைக்கு முதலாளி குடும்பம் திரும்பிவிடும். மகனிடம் கம்பெனி மேனேஜர், இது தன் வீடு என்று சொல்லியிருந்தாலும், அவர் இந்த வீட்டு வாட்ச்மேன்.

பின்னால் மருமகள் தன் போனோடு நின்றாள்.

“முதல் நாளே அலமாரியைக் குடைஞ்சப்ப உங்க யூனிஃபார்மைப் பார்த்துட்டேன் மாமா. சமையல்கட்டை நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், டப்பாவெல்லாம் நான் அடுக்கறேன். உங்க பிள்ளைகிட்ட மூச்சு விடல.”