ஒற்றைக் கம்பி

ஒரே அறையில் மூன்று சிதார்கள் குடியிருந்தன. பட்டறையிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத புதுச் சிதார், மூலையில் சாய்ந்திருந்த பழைய சிதார், சுவரில் தொங்கிய கிழட்டுச் சிதார். கிழத்துக்கு மிச்சம் ஒரே ஒரு கம்பி, அதுவும் துருப்பிடித்தது.

புதுசுக்குப் பெரிய மனத்தாங்கல். விடிந்ததிலிருந்து தொண்டை கிழியப் பாடியும் பழையது வாயே திறப்பதில்லை.

“நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடுவீங்க?”

“சுரம் சுத்தமா வந்தா என் கம்பி தானா அதிரும்டா. நான் நினைச்சாலும் அடக்க முடியாது. பொய்யா அதிரவும் முடியாது.”

“சுவர்ல இருக்கிறவர்?”

பழையதின் குரல் இறங்கியது. “அவர்கிட்டதான் நான் கத்துக்கிட்டேன். அந்த ஒரு கம்பி எந்தச் சுரத்துக்குக் காத்துக்கிட்டிருக்குன்னு தெரியலை. முப்பது வருஷமாத் தேடுறேன்.”

மறுநாள் காலை, வாசிக்கும் அம்மாள் புதுசின் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தாள். இழுக்க இழுக்கச் சுரம் மேலேறி, ஓரிடத்தில் அசையாமல் நின்றது. மூலையில் பழையது, யாரும் தொடாமலே, மெல்ல அதிர்ந்தது.

“ஐயா, பேசிட்டீங்க!” என்று துள்ளியது புதுசு.

“உஷ்...” பழையதின் குரல் நடுங்கியது. “நான் மட்டும் இல்லடா. மேல பாரு.”

சுவரில், அந்த ஒற்றைக் கம்பியிலிருந்து துரு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.