அம்பயர் இல்லாத ஆட்டம்

“இன்னா நைனா, அம்பயரையே காணோம்? புடிச்சானா வுட்டானான்னு யாரு சொல்றது?”

கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார் பாஸ்கர். மீன்பிடிப்பவர். காலையிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்.

“ஃபிரிஸ்பீல அம்பயர் கெடையாது அண்ணாத்த,” என்றான் ஜெரி, தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்தபடி. “ஆடுறவங்களே சொல்லணும். புடிச்சேன்னா புடிச்சேன். மணல்ல பட்டுச்சின்னா பட்டுச்சி.”

“அப்ப அல்லாரும் பொய் சொல்லுவானே!”

“சொல்ல மாட்டான். சொன்னா அடுத்த வாரம் எவனும் அவன்கூட ஆட மாட்டான்.”

பாஸ்கர் நம்பாமல் சிரித்தார்.

திருவொற்றியூரில் இரண்டு கருங்கல் தடுப்புகளுக்கு நடுவே கடல் சேர்த்துக் கொடுத்த மணல் அது. ஞாயிறு மாலை, இறுதி ஆட்டம். புள்ளிகள் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த புள்ளியை எடுப்பவர்களுக்குக் கோப்பை.

ஜெரி தன் அணியைக் கூட்டினான். “நாலு வருசமா தோத்துக்கினே கீறோம். இந்த வாட்டி வூட்ல ஃபிரிட்ஜ் மேல, மாதா சொரூபத்துக்குப் பக்கத்துல, கப்புக்கு எடம் பண்ணிட்டேன். எங்கம்மா பூச்சாடிய எங்கடா வெச்சேன்னு தேடிக்கினு கீது.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜெரி, ஓரமாக நின்ற நர்மதாவிடம் திரும்பினான்.

“நாளைக்குக் காலைல உனக்கு ரயிலு. உன்னக் கப்போடதான் அனுப்பணும். சரியா?”

“ம்,” என்றாள் நர்மதா.

நான்கு வருடங்களில் அவள் அதற்கு மேல் அதிகம் பேசியதில்லை. வேதியியல் முடித்தவளுக்கு ஒடிசாவில் ஓர் அலுமினிய ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. பெட்டி கட்டியாயிற்று. அந்த ஊரிலிருந்து கடலுக்கு ஒரு ராத்திரிப் பயணம். ஃபிரிஸ்பீ என்றால் அங்கே யாருக்கும் தெரியாது.

ஆட்டம் மறுபடியும் தொடங்கியது. டிஸ்க் என்கிற அந்த பிளாஸ்டிக் தட்டு கையில் இருப்பவர் ஓடக்கூடாது, வீசத்தான் வேண்டும்; எல்லைக்கோட்டுக்குள் தன் அணி ஆள் பிடித்தால் புள்ளி, மணலில் பட்டால் அது எதிரணிக்கு. கை மாறி, கை மாறி, அது ஜெரியிடம் வந்தது. அவன் தலை நிமிர்ந்து பார்த்ததுமே நர்மதா எல்லைக்கோட்டை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

ஜெரி வீசினான்.

வெள்ளை டிஸ்க் கடலின் பக்கமாகப் போனது. கப்பல்கள் வரிசையாக நின்ற இடம் வரை போய்விடும் போலிருந்தது. பிறகு கடல்காற்று அதைத் தொட்டது. டிஸ்க் நின்றது. வானத்தில், எதையோ யோசிப்பதுபோல, அப்படியே நின்றது.

மேலெழும் விசை, இழுவிசை என்றெல்லாம் நர்மதா பரீட்சையில் எழுதியிருக்கிறாள். இப்போது ஒன்றும் நினைவில்லை. தெற்கே துறைமுகத்தின் கிரேன்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வடக்கே எண்ணூர்ப் புகை அசையாமல் நின்றது. கால் மணலில் படுகிறதா என்றே தெரியவில்லை. டிஸ்க் மெதுவாக, மிக மெதுவாக, அவளைத் தேடி இறங்கியது.

அவள் பாய்ந்தாள்.

மணல் எழும்பி அடங்கியது. நர்மதா எல்லைக்கோட்டுக்கு உள்ளே குப்புறக் கிடந்தாள். டிஸ்க் அவள் கையில் இருந்தது.

“புடிச்சிட்டியா?” தூரத்திலிருந்து ஜெரி கத்தினான்.

அவளை விரட்டி வந்த ஃபாத்திமா, எதிரணித் தலைவி, மூச்சு வாங்க நின்றாள். “மணல் அடிச்சதுல எனக்கு ஒண்ணும் தெரியல நர்மதா. நீ சொல்றதுதான்.”

நர்மதா எழுந்து உட்கார்ந்தாள். டிஸ்கைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். ஜெரியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“பட்டுச்சு,” என்றாள். “மணல்ல பட்டுச்சு.”

டிஸ்க் எதிரணியின் கைக்குப் போனது. ஆட்டம் தொடர்ந்தது.

அதன்பின் பதினோரு நிமிடங்கள். டிஸ்க் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. நர்மதா அப்படி ஆடி ஒருவரும் பார்த்ததில்லை. வெயில் சாய்ந்து, அலைநுரை செம்பு நிறமாகி, மணலில் எல்லாருடைய நிழலும் நீண்டு ஒன்றோடொன்று கலந்தபோதும் அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஃபாத்திமா வீசியதை எதிரணிப் பையன் ஒருவன் எல்லைக்குள் பிடித்தான்.

முடிந்தது. கோப்பை அவர்களுக்கு.

வழக்கப்படி இரண்டு அணியும் கலந்து, தோளில் கை போட்டு வட்டமாக நின்றார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு நீல டிஸ்கை எடுத்து வந்தாள் ஃபாத்திமா.

“இந்தப் போட்டியிலேயே ரொம்ப நேர்மையா ஆடுனவங்களுக்கு இது. யாருன்னு நான் சொல்லவே வேணாம்.”

கைதட்டல் ஓயவில்லை. ஜெரியின் கண் சிவந்திருந்தது. ஆனாலும் அவன்தான் எல்லாரையும் விட உரக்கக் கத்தினான். “கப்பு போனா போவுது! இவ எங்க டீமுன்னு சொல்லிக்குவோம்ல!”

நர்மதா தலை குனிந்து டிஸ்கை வாங்கிக்கொண்டாள்.

மற்றவர்கள் எல்லைக்கு நட்டிருந்த கொடிகளைப் பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் படகின் பக்கம் செருப்பைத் தேடி வந்தாள்.

“பாப்பா,” என்றார் பாஸ்கர். “மெய்யாலுமே கேக்கறேன். ஒரே ஒரு பொய் சொல்லிருந்தா கப்பு உங்களுது. ஏம்மா சொல்லல?”

நர்மதா திரும்பிப் பார்த்தாள். ஜெரி வெகு தொலைவில் இருந்தான்.

“சொன்னேண்ணா,” என்றாள் மெல்ல. “டிஸ்க் மணல்ல படவே இல்ல. புடிச்சேன்னு சொல்லியிருந்தா, அப்பவே ஆட்டம் முடிஞ்சிருக்கும்.”