மூன்றாம் நம்பர் அலைனர்

இன்ஸ்பெக்டர் அந்தப் பிளாஸ்டிக் பையை மேஜை மேல் வைத்ததுமே பல் டாக்டர் குனிந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

பைக்குள் இருந்தது ஒரு அலைனர். கோணல் பல்லை நேராக்க, கம்பிக்குப் பதிலாகப் பல் வரிசை மேல் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி மாதிரியான உறை. நாளெல்லாம் போட்டிருக்க வேண்டும், சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். கழற்றியதை டிஷ்யூ பேப்பரில் சுற்றி எங்கேயாவது மறந்துவிட்டு வந்து டாக்டரிடம் தலையைச் சொறிபவர்கள் ஏராளம்.

"கடிகாரக் கடையில நேத்து திருட்டு. உசத்தியான வாட்ச் எல்லாம் போயிடுச்சு. ஷோகேஸுக்கு அடியில டிஷ்யூல சுத்தி இது கிடந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு அலைனர் ஒரு வாய்க்குத்தான் பொருந்துமாமே டாக்டர்?"

"ஆமா. ஒருத்தர் செருப்பை இன்னொருத்தர் போட்டுக்கலாம். இதை முடியாது."

"பூட்டு உடையல. சாவி போட்டுத்தான் திறந்திருக்காங்க. சாவி ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு. ஒருத்தர் மேனேஜர். இன்னொருத்தர், மன்னிக்கணும், உங்களுக்கு மாப்பிள்ளையா வரப்போறவர்."

அந்த மாப்பிள்ளை வெளியே, கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். கடிகாரக் கடை சேல்ஸ்மேன். கோரைப்பல்லைச் சரிசெய்ய வந்தவன், கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர் மகளின் மனசையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டான். அடுத்த மாதம் கல்யாணம். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்து நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு அலைனரை வெளியே எடுத்தார். கண்ணாடி போடாமலே தெரிந்தது. பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்த அந்த இடது கோரைப்பல்லின் வடிவத்தை ஆயிரம் வாய்க்கு நடுவிலும் அவர் கண்டுபிடிப்பார்.

'தெரியலையே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் இத்தனை வருஷத் தொழிலில் பல் விஷயத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அடைத்தால் போதும் என்கிற பல்லைப் பிடுங்கியதில்லை. பிழைக்கத் தெரியாத டாக்டர் என்று மற்ற டாக்டர்கள் கேலி செய்தும் மாறாத மனுஷன். பெற்ற மகள் எதிரே நிற்கும்போது அந்த நேர்மை அவரைப் பிசைந்து எடுத்தது.

"என் மாப்பிள்ளையோடதுதான்," என்றார் கடைசியில்.

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"இருங்க சார், ஒரு நிமிஷம்." டாக்டர் அலைனரை விளக்கில் காட்டித் திருப்பினார். ஓரத்தில் பொடி எழுத்தில் பொறித்திருந்த நம்பரைப் பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "அவரை உள்ளே கூப்பிடுங்க."

மாப்பிள்ளை வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

"இப்ப எத்தனாவது போட்டிருக்கீங்க?"

"பதினொண்ணு, மாமா."

அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, கிடைத்ததை மருந்தில் கழுவி அவன் வாயில் வைத்தார். உட்காரவில்லை. அழுத்தினார். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டது. இன்ஸ்பெக்டரும் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இது மூணாம் நம்பர். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு மாத்தணும். ஒவ்வொண்ணும் பல்லைக் கொஞ்சங்கொஞ்சமா நகர்த்திடும். நாலு மாசத்துக்கு முந்தின பல்லு இப்ப இவர் வாயிலயே இல்ல. நேத்து இதை மாட்டிட்டு இவர் எங்கயும் போயிருக்க முடியாது. பழசை யாரோ பொறுக்கிக் கொண்டுவந்து அங்க போட்டிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் மோவாயைத் தடவினார். "கைரேகையும் இல்லாமத்தான் சுத்தமாத் துடைச்சிருந்துச்சு. மறந்து விட்டுட்டுப் போறவன் எதுக்குத் துடைக்கிறான்? சரி, பழசையெல்லாம் என்ன பண்ணுவீங்க தம்பி?"

"கடையில சாப்பிடற ரூம் குப்பைக்கூடையில போட்டுடுவேன் சார். பத்திரமா வைக்கணும்னு மாமா சொல்வார். நான்தான் கேக்கறதில்ல."

"அந்த ரூமுக்கு யார் யார் வருவாங்க?"

அவன் தயங்கினான். "நானும் மேனேஜரும்தான். ஆனா அவர் ரொம்ப நல்லவர் சார். அவரைப் போய்ச் சந்தேகப்படாதீங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஜீப் மேனேஜர் வீட்டுப் பக்கம் திரும்பிய வேகத்தை டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

அவருக்கு ஒரே சந்தோஷம். உண்மையைச் சொல்லியும் மகள் வாழ்க்கை தப்பித்துவிட்டது. பொய் சொல்லியிருந்தால் அந்த நம்பரைப் பார்த்திருக்கவே மாட்டோம் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. மகளையும் மாப்பிள்ளையையும் உட்காரச் சொல்லிவிட்டு, தானே தெருமுனைக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

பாதி திறந்திருந்த கதவைக் காலால் தள்ளப்போனவர் அப்படியே நின்றார். உள்ளே மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷோகேஸுக்கு அடியில மூணாம் நம்பரைப் போட்டுட்டு வான்னு சொன்னப்ப அந்த நடுங்கு நடுங்கினியே, பல்லு விஷயத்துல எங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராதுங்கற தைரியத்துலதானே நான் இந்த வேலையையே ஆரம்பிச்சேன்."