மூன்றாவது எழுத்து

கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஊர் அது. அங்கே ஆற்றங்கரையில், வெயிலாச்சி துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, உள்ளே இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தி வைக்கிங் மாலுமிங்க இதுவரைக்கும் வந்திருக்காங்க. இது அவங்க எழுத்து" என்று கல்லில் வரிசையாக வெட்டியிருந்த வடிவங்களைக் காட்டினார் உள்ளூர்க் கல்லூரிப் பேராசிரியர் தில்லைநாயகம்.

மியூசியத்திலிருந்து வந்தவர் சிரித்தார். "கப்பல் என்ன மாட்டுவண்டியிலயா வந்துச்சு? எவனோ பிராடுப்பய கொத்தி வச்சிருக்கான்."

வெயிலாச்சிக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. கொத்தியது அவள் மாமனார். பள்ளிக்கூட வாசலில்கூட அவரை நிற்க விடாத ஊரில், எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்று தெரிய வீட்டுக்கொரு குறி கண்டுபிடித்து, மறந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்தவர்.

"அது எங்க மாமா கொத்துனது. துணிக்குறி. பிராடு கிராடுன்னு பேசுனீங்க, நல்லாருக்காது" என்று கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"கல்லத் தொடாத, தள்ளிப் போம்மா" என்றார்கள் இருவரும். அதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை இல்லை.

அவள் அழுக்குமூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள். பேராசிரியருக்குப் பின்னால் போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினாள். போன வெள்ளிக்கிழமை அவளே வெளுத்துத் தேய்த்த சட்டை. உள்ளே, எத்தனை துவைத்தாலும் போகாத சேங்கொட்டை மையில், கல்லில் இருந்த மூன்றாவது எழுத்து.

"இதையும் வாசிங்க சார்" என்றாள் மியூசியக்காரரிடம். காலரை அவள் விடவில்லை.