புது பிரேக்

“சாவு! செத்துத் தொலை!”

பட்டறை வாசலிலேயே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே காண்ட்ராக்டர் சம்மட்டியை ஓங்கி ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஏதோ நொறுங்குகிற சத்தம். அவர் முன்கையெல்லாம் ரத்தம்.

எட்டிப் பார்த்தாள். கீழே கிடந்தது ஆள் இல்லை. கார் சக்கரத்துக்குள்ளே இருக்கும் பிரேக் டிரம், வாணலி மாதிரி கனத்த இரும்பு, இரண்டு. தெறித்த சில்லு ஒன்று அவர் கையையே கிழித்திருந்தது.

“இந்தச் சனியன் பிடிக்காமத்தானே ஒரு நல்ல மனுஷனைக் கொன்னுச்சு!” என்று மறுபடி ஓங்கினார்.

நல்ல மனுஷன் என்றது அவள் புருஷனை. அஞ்சு மாசத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், இவருடைய இந்தப் பழங்காலத்துக் கார் மேட்டிலிருந்து இறங்கி வந்து அவனை மின்கம்பத்தோடு வைத்து நசுக்கியது. ‘டிரம்முக்குள்ள தண்ணி பூந்துடுச்சு, மிதிச்சேன், பிடிக்கலை’ என்று காண்ட்ராக்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊரே நம்பியது. அவர் கட்டிய சுவர் இடிந்து இரண்டு பேர் செத்த கேஸில், அவள் புருஷன் மறுநாள் சாட்சி சொல்ல இருந்தான் என்பது மட்டும் எல்லோருக்கும் வசதியாக மறந்துபோச்சு. நாளைக்குப் போலீஸில் இதை விபத்து என்று எழுதிக் கேஸை மூடப்போகிறார்கள்.

அதுகூடப் போகட்டும். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேரே கட்டி இழுத்து வந்த அந்த வண்டிக்கு, டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டித் தர ஒத்துக்கொண்டது யார் தெரியுமா? செத்தவனின் கூடப்பிறந்த தம்பி. அவளுடைய சொந்தக் கொழுந்தன்!

“வாம்மா,” என்று காண்ட்ராக்டர் சம்மட்டியைக் கீழே போட்டார். “உன் கொழுந்தன் கையாலேயே டிஸ்க் மாட்ட வச்சுட்டேன். இனிமே யார் உசுரும் போகக் கூடாது பாரு.”

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சுவரோரம் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து ஒரே வீச்சு. தோளில் விழுந்தது. அலறின காண்ட்ராக்டர் அடுத்த நொடியே அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினார். அவள் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

கொழுந்தன் ஓடிவந்தான். வந்து பிடித்தது யாரை? அவளைத்தான்! கையை முறுக்கி ஸ்பேனரைப் பிடுங்கினான்.

“பைத்தியமா அண்ணி உங்களுக்கு? சார் மேல கை வைக்கிறீங்க!”

“தூ! அண்ணன் ரத்தத்துல சோறு பிசைஞ்சு திங்கிறியேடா, நீயெல்லாம் ஒரு மனுஷனா?”

அவன் ஸ்பேனரைக் கொண்டுபோய் மூலையில் போட்டான். காண்ட்ராக்டருக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. டிஸ்க் பிரேக் வந்து இறங்கிய அட்டைப்பெட்டியை எட்டி ஒரு உதை விட்டார். பெட்டி இம்மியும் நகரவில்லை. “ஐயோ!” என்று கால் விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். நன்றாக வேண்டும்.

அதற்குள் குடையை மடக்கிக்கொண்டு வண்டி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பிரேக்கை மாற்றினால் அவர் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் வண்டி ரோட்டில் இறங்கலாம்.

“மொதல்ல ஓட்டிக் காட்டுறேன் சார், அப்புறம் சக்கரத்தைக் கழட்டிக் காட்டுறேன்,” என்ற கொழுந்தன் அவளைப் பார்த்தான். “நீங்களும் ஏறுங்க அண்ணி.”

ஏறினாள். ஏன் ஏறமாட்டாள்? உடைந்த டிரம் சில்லு ஒன்று, கத்தி மாதிரி முனையோடு, அவள் முந்தானைக்குள் இருந்தது. பின்சீட்டில் பக்கத்தில் இன்ஸ்பெக்டர். முன்னால், கையெட்டும் தூரத்தில், காண்ட்ராக்டரின் பிடரி. அந்தக் கம்பத்துக்கிட்டே வரட்டும், குத்தி இறக்கிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மழை கொட்டியது. மேட்டு உச்சியிலிருந்து கொழுந்தன் வண்டியை விட்டான் பாருங்கள், பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது.

“டேய், மெதுவா! மெதுவாடா பாவி!”

அன்றைக்கு வளைந்த கம்பம் வளைந்தபடியே எதிரே ஓடிவந்தது. அவள் சில்லை எடுத்துக் கையை ஓங்கினாள்.

கொழுந்தன் மிதித்தான்.

வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. அவள் முன்சீட்டில் போய் மோத, சில்லு அவள் உள்ளங்கையையே கிழித்துவிட்டுக் கீழே விழுந்தது. காண்ட்ராக்டரின் நெற்றி கண்ணாடியில் இடித்து வீங்கியது. பம்பருக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

காண்ட்ராக்டருக்கு உயிர் திரும்பி வர அரை நிமிஷம் ஆனது. வந்ததும் ஒரே சிரிப்பு.

“அப்பாடி! பிரேக்குன்னா இதுவல்லவா பிரேக்! இந்த மழையில, இந்த இறக்கத்துல என்னமாப் பிடிக்குது! அன்னிக்கு இது மட்டும் இருந்திருந்தா பாவம், அந்த மனுஷன் பொழைச்சிருப்பான்.”

“அதையே எழுதிக்கிறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். மழை, இறக்கம், வேகம், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, எல்லாம் நோட்டில் ஏறியது. “ஓனர் இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க.”

காண்ட்ராக்டர் பேனாவை வாங்கி வளைத்து வளைத்துப் போட்டுக் கொடுத்தார்.

கொழுந்தன் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

“சார், பட்டறையில இவர் உடைச்சது வேற வண்டியோட டிரம்.”

காண்ட்ராக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“இந்த வண்டிக்கு நான் இன்னும் டிஸ்க் மாட்டவே இல்லை. உள்ளே இருக்கிறது அன்னிக்கு இருந்த அதே டிரம்.”